செம்பனைக் குலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது யார்?

செம்பனைக் குலை ஒன்று பழுத்ததா, காயா என்று சொல்வதற்குத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படாது. நிறத்தைப் பார்ப்பார். பழம் உதிர்ந்த குழிகள் எத்தனை என்று பார்ப்பார். பேச்சு முடிந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரம் பிரிப்புக் கையேடு சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். செம்மை கலந்த ஆரஞ்சு நிறம், பழம் புதிதாக உதிர்ந்த குறைந்தது 10 குழிகள், பாதிக்கு மேற்பட்ட பழங்கள் இன்னும் குலையிலேயே இருப்பது ஆகிய மூன்றும் அமைந்தால் அது பழுத்த குலை. குழிகள் 10-க்குக் குறைந்தால் அது இன்னும் முற்றாகப் பழுக்காத குலை.

இது விலை சம்பந்தப்பட்ட விவகாரம். காய்க் குலையில் எண்ணெய் குறைவு. அளவுக்கு மீறிப் பழுத்த குலையிலோ எண்ணெயில் அமிலம் கூடிவிடுகிறது. ஆலைக்கு வரும் லோரியில் எத்தனை குலை காய், எத்தனை குலை பழம் என்ற கணக்கைப் பொறுத்தே சிறுதோட்டக்காரரின் கைக்கு வரும் பணமும் கூடிக் குறைகிறது. ஆக, குலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரின் கண்ணில் பல குடும்பங்களின் வருமானம் அடங்கியிருக்கிறது.

இந்தக் கண்ணை ஒரு கணினிக்குக் கொடுக்க முடியுமா? முடியும். மலேசியப் பல்கலைக்கழகங்களில் இதுபற்றிப் பல ஆண்டுகளாகவே ஆய்வுகள் நடந்து வருகின்றன. ஆகவே, முடியுமா என்பதைவிட, கற்றுக்கொடுப்பது யார் என்பதே இப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி. குலையை அறிந்தவர் கணினியை அறியார். கணினியை அறிந்தவர் குலையை அறியார். இருவருக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் சிலர் முயன்று வருகின்றனர். அவர்கள் உருவாக்கிய கருவிகள் எதைச் சாதித்தன, எங்கே சறுக்கின என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் இக்கருவிகள் பொதுமக்களுக்காகவே செய்யப்பட்டவை.

எடுத்துக்காட்டே பாடம்

வழக்கமான மென்பொருளில் ஒவ்வொரு கட்டளையையும் மனிதர் எழுதுகிறார். சிவப்பு நிறம் இவ்வளவு இருந்தால் பழம், அதற்குக் குறைந்தால் காய் என்று வரிவரியாகச் சொல்லியாக வேண்டும். இயந்திரக் கற்றல் எனப்படும் முறையில் அப்படியில்லை. பழுத்த குலைகளின் படங்களை ஒரு பக்கமும் காய்க் குலைகளின் படங்களை மறு பக்கமும் வைத்துவிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணினி தானே தேடிக்கொள்கிறது. ஆடு எது, மாடு எது என்று குழந்தைக்கு யாரும் இலக்கணம் சொல்வதில்லை. கையை நீட்டிக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் நடைமுறை அப்படி இருந்ததில்லை. ஆயிரக்கணக்கில் படங்களைத் திரட்டி, அவற்றுக்கு வகை எழுதி, வல்லுநரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் மணிக்கணக்கில் கணினியை ஓடவிட்டு ஒரு முடிவைக் கொண்டுவருவார். அதில் பிழை இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துறையை அறிந்தவர் ஒரு மூலையில், கற்பிக்கும் பணி வேறொரு மூலையில்.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரி ஃபெயில்ஸ், டேன் ஓல்சன் என்ற இருவர் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தனர். அவர்கள் செய்த கருவியின் பெயர் 'கிரேயான்ஸ்'. சிறுபிள்ளைகள் படம் தீட்டும் அதே மெழுகு வண்ணக்குச்சிதான். திரையில் ஒரு படம் இருக்கும். கை இருக்கும் இடத்தில் ஒரு நிறத்தையும் பின்னணியில் வேறு நிறத்தையும் பயனீட்டாளர் லேசாகப் பூசினால் போதும். எது கை, எது பின்னணி என்று தான் புரிந்துகொண்டதைக் கணினி உடனே படம் முழுவதிலும் வண்ணமிட்டுக் காட்டும். எங்கே தவறு தெரிகிறதோ அங்கே இன்னொரு முறை பூச வேண்டும். மீண்டும் உடனே பதில் வரும்.

இந்தக் கருவியின் சிறப்பெல்லாம் அந்த 'உடனே' என்ற சொல்லில்தான் இருக்கிறது. மாணவன் தவறு செய்த அந்தக் கணமே ஆசிரியர் அதைப் பார்த்துவிடுகிறார். அந்த இடத்திலேயே திருத்துகிறார். கணினி அறிவியல் தெரியாவிட்டாலும் கை எது, பின்னணி எது என்பது எல்லாருக்கும் தெரியும் அல்லவா? இவ்வாறு மனிதரும் கணினியும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் கற்பித்தலை 'ஊடாடும் இயந்திரக் கற்றல்' என்கின்றனர்.

இதே வழியில் பிறந்த 'இலாஸ்டிக்' என்ற இலவச மென்பொருள் இன்று உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் உருவான இது, நுண்ணோக்கிப் படத்தில் உயிரணு எது, வெற்றிடம் எது என்று ஆய்வாளர் தூரிகையால் தொட்டுக் காட்டியதும் மீதியைத் தானே பிரித்துத் தருகிறது. எந்த இடத்தில் தனக்கு உறுதியில்லை என்பதையும் அது காட்டும். ஆய்வாளர் அந்த இடத்துக்குப் போய் இன்னும் இரண்டு கோடு போடுகிறார். நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

இசைத் துறையில் நடந்தது இன்னும் சுவையானது. ரெபெக்கா ஃபீப்ரிங்க் என்ற ஆய்வாளர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், 2009ஆம் ஆண்டு, 'வெக்கினேட்டர்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'வெக்கா' என்ற மென்பொருளை அடித்தளமாகக் கொண்டதால் இந்தப் பெயர் வந்தது. வெக்கா என்பது அந்நாட்டில் வாழும், பறக்காத ஒரு பறவை. கையை இப்படி அசைத்தால் இந்த ஒலி, அப்படி அசைத்தால் அந்த ஒலி என்று இசைக்கலைஞரே சில முறை செய்து காட்டினால் வெக்கினேட்டர் கற்றுக்கொள்ளும்.

செல்லோ என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் கலைஞர் ஒருவர், தம் வில்லின் அசைவுகளை இக்கருவிக்குக் கற்பித்தார். சில அசைவுகளைக் கணினி மாற்றி மாற்றிச் சொன்னது. கணினியைத் திருத்தப் போனவர், தம்முடைய வில் வீச்சே அந்த இடங்களில் தெளிவாக இல்லை என்பதைக் கண்டுகொண்டு வாசிப்பைச் சீராக்கிக்கொண்டார். ஆசிரியர் மாணவனிடம் பாடம் கற்ற கதைதான். வல்லுநரிடம் ஒப்படைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஒரு பொத்தானை அழுத்தினால்

இத்தகைய கருவிகளைச் சாதாரண மக்களிடம் பெருமளவில் கொண்டுபோய்ச் சேர்த்தது கூகல் நிறுவனத்தின் 'டீச்சபிள் மெஷின்'. 2017இல் ஒரு விளையாட்டுப் போல வெளிவந்தது. 2019 நவம்பரில் படம், ஒலி, உடல் அசைவு ஆகிய மூன்றையும் கற்பிக்கும் கருவியாக விரிந்தது. எதையும் கணினியில் நிறுவத் தேவையில்லை. இணைய உலாவியில் திறந்தால் போதும். 'பழம்' என்று ஒரு பெட்டி, 'காய்' என்று ஒரு பெட்டி. பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேமரா படங்களை எடுத்துத் தள்ளும். பிறகு 'பயிற்சி கொடு' என்ற பொத்தான். ஓரிரு நிமிடங்களில் பாடம் முடிந்துவிடும்.

சில பத்துப் படங்களில் இது எப்படி முடிகிறது? பலருக்கும் எழும் ஐயம் இது. கருவிக்குள் இருக்கும் 'மொபைல்நெட்' என்ற வலையமைப்பு ஏற்கெனவே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்து, ஓரம், நிறம், உருவம், மேற்பரப்பு ஆகியவற்றைப் பிரித்தறியப் பழகியிருக்கிறது. பயனீட்டாளர் கொடுக்கும் படங்களைக் கொண்டு கடைசிப் படியை மட்டுமே அது புதிதாகக் கற்கிறது. மலாய் மொழியை நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஜாவி எழுத்தைக் கற்பதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். மொழி ஏற்கெனவே தெரியும், எழுத்துதான் புதிது.

இன்னொரு வசதியும் உண்டு. பயிற்சி முழுவதும் பயனீட்டாளரின் சொந்தக் கணினியிலேயே நடப்பதால், அவராகச் சேமித்து வைத்தாலொழிய படங்கள் வெளியே போவதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் முகம் கேமராவில் விழும் வகுப்பறைகளுக்கு இது சிறிய விஷயமல்ல. பயிற்சி பெற்ற மாதிரியைப் பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளவும் முடியும். நிறுவனம் ஒருநாள் கடையை மூடிவிட்டாலும் உழைப்பு வீணாகாது. இது வெறும் அச்சமல்ல. இதே நோக்கத்துடன் மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கி, 2020இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட 'லோப்' என்ற கருவியின் வளர்ச்சி பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆக, பொத்தான்கள் எளிதாகிவிட்டன. நிபுணர்களின் கலைச்சொற்களெல்லாம் 'மேம்பட்டவை' என்ற மடிப்புக்குள் மறைக்கப்பட்டுவிட்டன. ஆனால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. சொல்லப் போனால், பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

எளிமை மறைக்கும் குழிகள்

ஆலை ஒன்றில் தரம் பிரிப்பவர் ஒருவர் இக்கருவியை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். காலையில் வந்த லோரியில் நல்ல பழமாக இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்து 100 படம் எடுத்தார். மாலையில் வந்த லோரியில் காய் அதிகம். இன்னொரு 100 படம். பயிற்சி கொடுத்தார். கணினி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. மகிழ்ச்சி. மறுநாள் மாலையில் நல்ல பழம் வருகிறது. கணினி அதைக் காய் என்கிறது. அது கற்றுக்கொண்டது குலையின் நிறத்தை அல்ல. காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டை.

கணினி ஏமாற்றவில்லை. கொடுத்த படங்களில் இரண்டு பெட்டியையும் பிரிக்க மிக எளிய வழி எதுவோ அதைப் பிடித்துக்கொண்டது. குலையைப் பார்க்க வேண்டும், வெயிலைப் பார்க்கக் கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே.

அப்படியானால் சோதனையில் ஏன் இது வெளிப்படவில்லை? இக்கருவி, கொடுத்த படங்களில் நூற்றுக்கு 15 பங்கைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் சோதனைக்கென்று ஒதுக்கி வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொத்தானை அழுத்திப் பிடித்து எடுத்த படங்கள் ஒரே குலையை ஒரே நொடியில் எடுத்தவை. ஒன்றின் நகல் மற்றொன்று என்றே சொல்லலாம். அவற்றில் 85-ஐப் படித்துவிட்டு மீதி 15-இல் தேர்வு எழுதுவது, வினாத்தாளை முதல் நாளே பார்த்துவிட்டுப் போவதற்குச் சமம். முழு மதிப்பெண் வராமல் எப்படி இருக்கும்? வேறொரு நாள், வேறொரு லோரி, வேறொரு கைத்தொலைபேசி என்று எடுத்த படங்களே உண்மையான தேர்வு. இதை எச்சரிக்கும் ஒரு வரி, பயிற்சிப் பொத்தானுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். பத்து வண்ணமயமான பொத்தான்களைவிட அந்த ஒரு வரி அதிகம் உதவும்.

இரண்டாவது குழி, விழுக்காடு. திரையில் 'பழம் 97 விழுக்காடு' என்று வந்தால், கணினி 97 விழுக்காடு உறுதியாக இருக்கிறது என்றே யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது தனக்குத் தெரிந்த பெட்டிகளுக்குள் நூறைப் பங்கு போடுகிறது. இரண்டே பெட்டிகள் என்றால் எதைக் காட்டினாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீரும். கேமராவுக்கு முன் ஒரு தலைக்கவசத்தை வைத்தாலும் அது பழமாகவோ காயாகவோதான் இருக்கும். தெரியாது என்று சொல்லும் வழியே அதற்குக் கொடுக்கப்படவில்லை. 'இரண்டும் இல்லை' என்று மூன்றாவது பெட்டி ஒன்றை வைத்து, அதில் வெற்றுத் தரை, ஆட்களின் கை, லோரிச் சக்கரம் என்று பலவற்றைப் போட்டுக் கொடுத்தால் நிலைமை ஓரளவு சீராகும். அனுபவம் இல்லாதவருக்கு இது தானாகத் தோன்றாது. எனவே கருவியே கேட்க வேண்டும்.

மூன்றாவது, கொடுக்கப்படாத வகை. பெரும்பாலான செம்பனை மரங்களில் காய் கறுப்பாக இருந்து சிவக்கிறது. ஆனால் காய் பச்சையாக இருந்து ஆரஞ்சு நிறமாகும் மரங்களும் உண்டு. கறுப்புக் காயை மட்டுமே பார்த்துப் பழகிய கணினி, பச்சைக் காயைக் கண்டதும் என்ன சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவருக்கு இந்த வேறுபாடு தெரியும். மென்பொருள் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கற்பிக்கும் பொறுப்பு துறையை அறிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

கற்பிப்பவரும் மனிதரே

இக்கருவிகளை உருவாக்கியவர்கள் தொடக்கத்தில் ஒன்றை மறந்துவிட்டனர். கற்பிக்கும் மனிதரை, கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் சரியான பதில் சொல்லும் ஒருவராகவே எண்ணிக்கொண்டனர். மனிதர் அப்படி இல்லை என்று பிறகு ஆய்வுகள் காட்டின. சலீமா அமர்ஷி முதலான நால்வர் 2014இல் எழுதிய ஒரு கட்டுரை இவற்றைத் தொகுத்துத் தந்தது. இத்துறையில் இன்றும் பேசப்படும் கட்டுரை அது.

எடுத்துக்காட்டாக, எம்ஐடியில் ஆண்ட்ரியா தோமஸ், சிந்தியா பிரசீல் இருவரும் ஒரு கணினி விளையாட்டை அமைத்தனர். அதில் ஒரு பாத்திரம் சமையலறையில் கேக் செய்யப் பழக வேண்டும். சரியாகச் செய்தால் பாராட்டலாம், தவறினால் கண்டிக்கலாம். விளையாடியவர்கள் கண்டிப்பதைவிடப் பாராட்டுவதையே அதிகம் செய்தனர். இன்னும் செய்யாத காரியத்துக்கு முன்கூட்டியே பாராட்டும் கொடுத்தனர். 'அதை எடு, எடு' என்று குழந்தையை ஊக்குவிப்பது போல. ஆனால் கணினியோ, அந்தப் பாராட்டு ஏற்கெனவே செய்துவிட்ட வேலைக்கு என்று எடுத்துக்கொண்டது. வழிகாட்டுவதற்கென்று தனியாக ஒரு வழி ஏற்படுத்திக் கொடுத்த பிறகுதான் அது விரைவாகக் கற்றது.

மற்றோர் ஆய்வில், சைமன் என்ற ரோபோ ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. கணக்குப்படி பார்த்தால் அதுதான் சிக்கனமான வழி. தனக்குத் தெரியாததை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஆனால் கற்பித்தவர்களுக்கு எரிச்சல் வந்தது. விடாமல் கேள்வி கேட்கும் மாணவன்முன் எந்த ஆசிரியரும் பொறுமை இழக்கத்தான் செய்வார். எப்போது கேட்கலாம் என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும் என்பதே பலரின் விருப்பமாக இருந்தது.

மனிதரின் எண்ணமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. முதல் 20 குலைகளுக்கு 'பழம்' என்று எழுதியவர், 50ஆவது குலைக்கு வரும்போது அளவுகோலைச் சற்றே மாற்றியிருப்பார். ஒன்பது குழி உள்ள குலையைக் காலையில் ஒருவிதமாகவும் மாலையில் ஒருவிதமாகவும் பார்ப்பார். பார்க்கப் பார்க்கத்தான் எல்லைக்கோடு தெளிவாகிறது என்பதால் இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. இதற்கென்று 'இருக்கலாம்' என்ற ஒரு தனிக் குவியலை வைத்து, சந்தேகமானவற்றை அதில் ஒதுக்கிவிட்டுப் பிறகு ஒரே மூச்சில் முடிவு செய்ய விட்டால், எழுதும் வகைகள் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் அமைகின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சந்தைக்குக் காய்கறி பொறுக்குபவர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதான்.

எத்தனை படங்களைத் திரையில் காட்டுவது என்பதில்கூட சூட்சுமம் இருக்கிறது. 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 'கியூஃபிளிக்' என்ற படத் தேடல் கருவியைச் சோதித்தன. எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்திக் காட்டியபோது, பயனீட்டாளர்கள் நடுவில் உள்ள இரண்டுங்கெட்டான் படங்களில் மாட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்கினர். கணினி நன்கு பொருந்துவதாக நினைப்பவற்றையும் அறவே பொருந்தாததாக நினைப்பவற்றையும் மட்டும் காட்டியபோது, குறைந்த எடுத்துக்காட்டுகளில், குறைந்த நேரத்தில், நன்றாகக் கற்பித்தனர். அதிகம் காட்டுவதே உதவி என்று எண்ணுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காரணம் கேட்டால்

சிறுதோட்டக்காரர் ஒருவரின் குலையைக் கணினி காய் என்று தள்ளிவிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? 'ஏன்?' என்பதுதான். மனிதர் தரம் பிரித்தால் குழிகளை எண்ணிக் காட்டலாம், வாக்குவாதமும் செய்யலாம். 'காய், 88 விழுக்காடு' என்ற திரையுடன் எப்படி வாதாடுவது?

இந்தக் கேள்வியை அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 2016இல் ஒரு சோதனையாகவே நடத்திக் காட்டினர். ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரிக்கும் ஒரு கணினி மாதிரியை வேண்டுமென்றே தவறாகப் பழக்கினர். ஓநாய்ப் படங்கள் அனைத்திலும் பின்னணியில் பனி. நாய்ப் படங்களில் பனி இல்லை. ஆக அது கற்றுக்கொண்டது பனியைத்தான். இத்துறை பயின்ற 27 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் அதன் விடைகளை மட்டும் காட்டியபோது 10 பேர் அதை நம்பினர். படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து அது முடிவு செய்தது என்பதையும் காட்டிய பிறகு நம்பியவர்கள் 3 பேர்தான். படித்தவர்களுக்கே விடை மட்டும் போதவில்லை, காரணம் தேவைப்பட்டது.

காரணத்தைக் காட்டுவதோடு நில்லாமல், அதைத் திருத்தவும் வழி செய்தால் என்ன ஆகும்? ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட் குலேசாவும் சக ஆய்வாளர்களும் 2015இல் இதற்கு விடை கண்டனர். செய்திகளை ஹாக்கி, பேஸ்பால் என்று இரண்டாகப் பிரிக்கும் ஒரு கருவி அது. எந்தச் சொற்களை வைத்து இந்தச் செய்தியை ஹாக்கி என்றேன் என்பதைக் கணினி பட்டைகளாகக் காட்டும். 'இந்தச் சொல்லுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வேண்டாம்' என்று பயனீட்டாளர் பட்டையைக் கீழே இழுத்துவிடலாம். இதைப் பயன்படுத்தியவர்கள் கணினி எப்படிச் சிந்திக்கிறது என்பதை 52 விழுக்காடு கூடுதலாகப் புரிந்துகொண்டதோடு, அதன் தவறுகளை இரண்டு மடங்கு வரை திறமையாகத் திருத்தினர்.

'சாதாரண மக்களுக்கு உள்ளே நடப்பதெல்லாம் எதற்கு? விடை கிடைத்தால் போதாதா?' என்று கேட்பவர்களுக்கு இந்த ஆய்வு நல்ல பதில். உள்ளே நடப்பதை மூடி வைப்பது எளிமையல்ல. அது பயனீட்டாளரின் கையைக் கட்டி வைப்பது.

எந்த மொழியில்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கான விழிப்புணர்வு வளர்ந்து வருகின்றது. மலேசிய அரசாங்கம் 2024 ஜனவரியில் தொடக்கிவைத்த 'ஏஐ உந்தோக் ராக்யாட்' இணையப் பாடம் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் அமைந்தது. தமிழர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. எனினும் அது செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று சொல்லும் பாடம். கையில் எடுத்து வேலை செய்யும் கருவியில் தமிழ் வருவது வேறு விஷயம்.

அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கலைச்சொல்லை அப்படியே தமிழாக்கினால் மட்டும் எளிமை வந்துவிடாது. 'கற்றல் வீதம்' என்றால் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு என்ன புரியும்? 'ஒவ்வொரு முறையும் எவ்வளவு திருத்திக்கொள்ள வேண்டும்' என்று எழுதினால் புரியும். 'வகுப்பு' என்பதைவிட 'வகை' என்பதும், வகையைவிட அவரே சூட்டும் 'பழம்', 'காய்', 'அழுகல்' என்ற பெயர்களும் நெருக்கமானவை. மொழிபெயர்ப்பாளர் ஆலைக்குப் போய் ஒரு நாள் நின்று கேட்டுவிட்டு வந்து எழுதினால் நலம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, இனி எடுத்துக்காட்டே வேண்டாம், வாயால் சொன்னால் கணினி செய்துவிடும் என்ற பேச்சும் எழுந்தது. படத்தைக் காட்டி 'இது பழுத்ததா?' என்று கேட்டால் இத்தகைய கருவிகள் சரளமாகப் பதில் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பதில் சரியா என்று எப்படிச் சோதிப்பது? குலை அறிந்த ஒருவர் தாமே வகை எழுதிய நூறு இருநூறு படங்களை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் தெரியும். கற்பிக்கும் வேலை குறைந்தாலும் சோதிக்கும் வேலை குறையவில்லை. பதில் சரளமாக வரும்போது சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே வராமல் போய்விடும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு கேள்விக்கு மென்பொருளில் மட்டும் விடை தேட முடியாது. ஆலை வைத்திருப்பவர் கணினிக்குக் கற்பித்தால், சந்தேகமான குலைகள் காய்ப் பக்கம் சாயலாம். விற்பவர் கற்பித்தால் பழத்தின் பக்கம் சாயலாம். இருவருமே நேர்மையாக இருந்தாலும் இது நடக்கும். ஒன்பது குழியா, பத்துக் குழியா என்பதில் அவரவர் கண் அவரவர் பக்கம். ஒவ்வொரு படத்துக்கும் வகை எழுதியது யார், எந்த நாளில், பிறகு மாற்றப்பட்டதா என்ற பதிவைக் கருவி வைத்திருந்தால், தகராறு வரும்போது அந்தப் படங்களை எடுத்து இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடியும். நேற்றைய நிலைக்குத் திரும்பும் வசதியும் அதோடு சேர்ந்து வேண்டும். கடைசியாகச் சேர்த்த 20 படங்களால் கணினி கெட்டுப்போனது என்று தெரிந்தால், அந்த 20-ஐ மட்டும் நீக்கிவிட்டு வேலையைத் தொடரலாம்.